கண்டோர் கடன்

சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் தொடக்கத்தில், கற்போர் விரைந்து கடந்துவிடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. மலைவளம் காணச் சென்ற சேரன் செங்குட்டுவன் பேரியாற்றங்கரை மணற்பரப்பில் தங்குகின்றான். குன்றக் குறவர் தம் மலைப்பொருள்களைத் தலைமேற் சுமந்து வந்து அவன்முன் வைக்கின்றனர். யானைக் கொம்பும் அகிலும் சந்தனமும் தேன்குடமும் அடங்கிய அப்பட்டியலில் ஏலமும் மிளகும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. பொருளை வைத்தபின் அவர்கள் செய்தி ஒன்றும் சொல்கின்றனர். ஒரு முலை இழந்து தனித்துயர் உற்ற பெண்ணொருத்தி வேங்கை மரத்தடியில் நின்றதையும், தம் கண்ணெதிரே அவள் கணவனோடு விண்புக்கதையும் கூறுகின்றனர். அவள் எந்நாட்டினள், யார் மகள் என்பன தமக்குத் தெரியா என்பதையும் மறையாது உரைக்கின்றனர்.

மலைப்பொருளும் கண்ணாற் கண்ட சான்றும் ஒருங்கே மலையிறங்கி வந்தன. இதுவே ஈண்டு நாம் கருதத் தக்கது.

கண்ணகி விண்புக்க இடம் என்று கருதப்படும் மங்கலதேவிக் குன்று, தேனி மாவட்டக் கூடலூரை அடுத்த மலைமுகட்டில், தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் எல்லையில் உளது. சித்திரை முழுமதி நாளன்று மக்கள் அதன்மேல் ஏறி வழிபட்டு வருகின்றனர். அதற்கு வடக்கே போடிநாயக்கனூரின் மேற்கெல்லையாக நிற்பது ஏலமலை. ஏலம் இன்றும் அம்மலையிலிருந்து இறங்குகின்றது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியில் நடைபெறுகின்றது. அங்கு விலைபோகும் காய் வளைகுடா நாடுகள் வரை செல்கின்றது. பொருள் இவ்வாறு உலகை வலம் வருகின்றது. துயருற்றாரைக் கண்டவரின் சொல்லும் அவ்வாறு செல்கின்றதா? அது செல்லுமிடத்துக் கேட்பார் உளரா?

உள்நாட்டுப் போரால் நிலைகுலைந்த மக்களுக்கு உலகம் ஆற்றிய எதிர்வினையை மதிப்பிட, தமிழ் இலக்கண மரபில் ஓர் அளவுகோல் உண்டு என்பது நம் கருத்து. அது 'கண்டோர் கூற்று' என்பது. அவ்வளவுகோலை ஈழத்து வன்னிப் பகுதியில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த இறுதிப் போருக்கும், மிகச் சிறிய அளவில் 2011இல் ஏலமலைச் சரிவில் நேர்ந்த இடப்பெயர்வுக்கும் இயைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டோரின் இலக்கணம்

உடன்போக்கில் பாலை வழியே செல்லும் தலைவனையும் தலைவியையும் இடைச்சுரத்தில் காண்பவர் கண்டோர் எனப்படுவர். அவர்க்கு உறவு இல்லை, ஊர் ஒன்றில்லை, பெயரும் இல்லை. தொல்காப்பியர் அகத்திணையியலில் அவர்க்கு உரிய கூற்றுக்களைத் தொகுத்துரைக்கின்றார். பொழுதும் வழியும் அஞ்சத்தக்கன என்று எடுத்துக்காட்டல் ஒன்று. அண்மையிலுள்ள ஊரையும் செல்லவேண்டிய நாட்டையும் அன்புடை நெஞ்சத்தோடு சொல்லல் மற்றொன்று. சென்றவர்பால் தம் நெஞ்சும் கலந்து அழிய, எதிர்நின்று பேசி விடுத்தல் பிறிதொன்று. பின்னே தேடிவரும் தாயின் நிலை கண்டு அவளைத் தடுத்தலும் விடுத்தலும், சேய்மைக்கு அகன்றோரின் செலவையும் வரவையும் கூறலும் எஞ்சியவை.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் மூன்று உண்மைகள் புலனாகும். முதலாவது, கண்டோர்க்குச் சொல்லே கடமை. அவர் படை கொண்டவர் அல்லர். பொருள் வழங்குவார் என்றும் இலக்கணம் கூறவில்லை. இரண்டாவது, அச்சொல் காலத்தால் வரவேண்டும். பொழுது சாய்ந்தது என்று மறுநாட் காலையிற் சொல்வது கூற்றாகாது. மூன்றாவது, வழிச்செல்வோர்க்கு மட்டுமன்றி, பின்னே தேடி வருவோர்க்கும் கண்டோர் விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

குன்றக் குறவர் இவ்விலக்கணத்தை அகத்திணைக்கு வெளியே கொண்டுசென்று அரசன் அவையில் நிறுத்தினர். கண்டதைக் கண்டவாறும், அறியாததை அறியாததாகவும் சொன்னமையே அவர் சான்றின் சிறப்பு. அறியாததைச் சாத்தனார் நிரப்பினார். அதன்பின்னரே அரசு செயற்பட்டது.

அரசு செயற்பட்ட முறையையும் நாம் மறத்தல் ஆகாது. பத்தினிக்குக் கல் எடுக்கப் புறப்பட்ட பயணம் வடபுலப் போராயிற்று. கனகனும் விசயனும் கல் சுமந்தனர். ஒருத்தியின் துயர் ஒருவனின் வெற்றிக்குக் காரணமாக மாறியது. மாடலன் இடித்துரைத்த பின்னரே செங்குட்டுவன் போர்ச்சினம் தணிந்தான். ஆதலின், துயர்ச்செய்தி கேட்ட வேந்தர் எல்லாம் துயர் துடைக்கவே எழுவர் என இளங்கோவடிகள் கருதினாரல்லர். உலக அரசுகளின் தலையீடு பற்றி இன்று எழும் ஐயமும் இதுவே. எனினும் இவ்வையம் குறவரின் சொல்லைக் குறைப்பதன்று. கேட்டவன் பிழைசெய்யக்கூடும் என்பதால் கண்டவன் வாய்மூடல் முறையாகாது.

வன்னியில் கண்டோர்

கொச்சியில் தொடங்கிய பழைய 49ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, போடிமெட்டில் இறங்கி, போடி, மதுரை வழியே சென்று தனுஷ்கோடியில் முடிந்தது. ஏலமலை ஒரு முனையில் அண்டி நின்ற அச்சாலையின் மறுமுனைக் கடற்கரையில், 1983 சூலைக் கலவரத்தின்பின் ஈழத்து மக்கள் படகிறங்கத் தொடங்கினர். அவர்கள் விட்டுவந்த நிலத்தில் போர் 2009 மே வரை நீடித்தது.

அப்போரின் இறுதிக் கட்டத்தில் உலகத்தின் கண்டோராக நின்றவர் ஐக்கிய நாடுகள் அவையின் அலுவலர்கள். 2008 செப்டம்பரில், அவர்களின் பாதுகாப்புக்கு உறுதி கூற இயலாது என இலங்கை அரசு அறிவித்தது. அவர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். போகவேண்டா எனப் பொதுமக்கள் அலுவலக வாயிலில் திரண்டு வேண்டினர் என்பது பதிவாகியுள்ளது. அம்மக்கள் உணவுக்காக மட்டும் வேண்டினாரல்லர். பிறர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொலைஞன் கை சற்றே தயங்கும் என்பது அவர்தம் எண்ணம். கண்டோர் உடனிருத்தலே ஒரு காப்பு என்பதை எந்நூலும் கல்லாமலே அவர்கள் அறிந்திருந்தனர்.

2009 சனவரியில் உணவு வண்டிகளோடு உட்சென்ற சில அலுவலர்கள், அரசு அறிவித்த போரற்ற வலயத்தினுள் சுதந்திரபுரம் அருகே தங்க நேர்ந்தது. அவ்விடத்தின்மேலும் எறிகணைகள் வீழ்ந்தன. அவர்கள் கண்டதைக் கொழும்புக்கு உடனுக்குடன் தெரிவித்தனர். கொழும்பில் இறந்தோர் தொகையை முறைப்படி கணக்கிடும் பணியும் நடந்தது. ஆயின் அக்கணக்கை அவை உரிய காலத்தில் வெளியிடவில்லை.

எண் வெறும் எண்ணன்று என்பதற்கு ஒரு சான்று காட்டுவாம். 2009 தொடக்கத்தில் போர்நிலத்துள் சிக்கியோர் 70,000 அளவினரே என்பது அரசின் கூற்று. போர் முடிந்தபின் முகாம்களுக்கு வந்துசேர்ந்தோர் 2,80,000க்கும் மேற்பட்டவர். உள்ளே இருப்போரின் எண்ணைக் குறைத்தால் உணவும் மருந்தும் அதற்கேற்பக் குறையும்; இறந்தோரின் எண்ணும் கேள்வியின்றி மறையும். ஊரையும் தேயத்தையும் தவறாகச் சொன்ன கண்டோர் வழிச்செல்வோரைச் சுரத்தில் மாளவிடுவர். தவறாகச் சொல்லப்பட்டதை அறிந்தும் திருத்தாது நிற்பவர் நிலையும் அதனின் வேறன்று.

பாதுகாப்பு அவை இப்போரைத் தன் முறையான நிகழ்ச்சிநிரலில் சேர்க்கவில்லை. முறைசாரா உரையாடல்களோடு அமைந்தது. போர் முடிந்த சில நாட்களில், 2009 மே 27 அன்று, மனித உரிமைப் பேரவையின் சிறப்பமர்வு இலங்கை அரசுக்கு இசைந்த தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. இந்தியா ஆதரித்து வாக்களித்தது.

பின்னர் மனம் மாறியது. பொதுச்செயலர் பான் கி மூன் அமைத்த, மர்சுகி தருசுமான் தலைமையிலான வல்லுநர் குழு 2011இல் அறிக்கை அளித்தது. இறந்த பொதுமக்கள் தொகை 40,000 வரை இருக்கக்கூடும் என்பதை அது மறுக்கவில்லை. மருத்துவமனைகள்மீதும் போரற்ற வலயங்கள்மீதும் அரசுப் படை எறிகணை வீசியது என்ற குற்றச்சாட்டும், விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாது தடுத்தனர், தப்ப முயன்றோரைச் சுட்டனர், சிறாரையும் வலிந்து படையிற் சேர்த்தனர் என்ற குற்றச்சாட்டும் நம்பத்தக்கன என அக்குழு கண்டது. இருதரப்பையும் ஒருங்கே சொன்னமையால் அவ்வறிக்கை சான்றின் தகுதி பெறுகின்றது. ஒரு தரப்பை மட்டும் கண்டவர் கண்டோர் ஆகார், அவர் பாங்கர்.

2012 நவம்பரில் வெளிவந்த சார்லசு பெட்ரி தலைமையிலான உள்ளக ஆய்வறிக்கை, ஐக்கிய நாடுகள் அவை தன் கடமையில் தவறியதைத் தானே ஒப்புக்கொண்ட ஆவணம். அதன் விளைவாக 2013இல் மனித உரிமைகளை முன்னிறுத்தும் புதிய நெறி ஒன்று வகுக்கப்பட்டது. தன் பிழையைத் தானே எழுதி வெளியிட்ட அமைப்பை நாம் எளிதாகப் பழித்துவிடல் ஆகாது. ஆயினும் கண்டோரிலக்கணத்தின் இரண்டாம் உண்மையை நினைவுகூர்தல் வேண்டும்: கூற்று காலத்தால் வரவேண்டும். மூன்றாண்டு கழித்து வந்த சொல் வரலாற்றுக்குப் பயன்படும், வழிச்செல்வோர்க்குப் பயன்படாது.

ஒரு மறுப்பும் விடையும்

'வாய் திறந்தால் வாயில் அடைபடும்; உணவும் மருந்தும் உட்செல்லா; ஆதலின் உதவுவோர் அடங்கி நடப்பதே அறம்' என்பார் உளர். இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு, கண்டதை வெளியிற் கூறாமையையே தன் நெறியாகக் கொண்டது. அந்நெறி தந்த இசைவினால்தான் 2009 பெப்ருவரி முதல் மே வரை காயமுற்றோரையும் நோயாளரையும் கடல்வழியே திருகோணமலைக்குக் கொண்டுசெல்ல இயன்றது. அவ்வாறு உயிர்பிழைத்தவர் பல்லாயிரவர். மௌனமும் சிலபோது அறமாகும் என்பதற்கு இது சான்று.

ஆயின் அக்குழுவே 2009 மே மாதத்தில், கற்பனைக்கெட்டாத பேரழிவு நிகழ்கின்றது என வெளிப்படையாக அறிவித்தது. மௌனத்திற்கும் எல்லை உண்டு என்பதை மௌனத்தையே நெறியாகக் கொண்டவரும் உணர்ந்தனர் என்பது இதனால் தெளிவாம். செஞ்சிலுவைக் குழு மௌனத்தை விலையாகக் கொடுத்து நோயாளரை மீட்டது. ஐக்கிய நாடுகள் அவையோ மௌனத்தையும் கொடுத்து, உட்செல்லும் வழியையும் பெரும்பாலும் இழந்தது. விலை கொடுத்தும் பொருள் கிட்டாதபோது, மேலும் விலை கொடுப்பது வணிகமும் ஆகாது, அறமும் ஆகாது.

ஏலமலைச் சரிவில் கண்டோர்

இனி, உலக அவைகள் எட்டியும் பாராத ஒரு சிறு நிகழ்ச்சியைக் காண்பாம். இதனைப் போர் எனல் பொருந்தாது. அளவாலும் கொடுமையாலும் வன்னியோடு ஒப்பிடுதலும் தகாது. கண்டோர் கடன் சிறிய இடத்தில் எவ்வாறு இயங்குகின்றது என்று அறிவதற்கு மட்டும் இதனை எடுத்துக்கொள்கின்றோம்.

போடியின் மேற்கிலுள்ள சரிவு மழைமறைவுப் பகுதி. அடிவாரம் முட்புதரும் பாறையும் நிறைந்த வறண்ட நிலம். முகட்டைக் கடந்தால் மரநிழலில் ஏலம் விளையும் ஈரநிலம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் கூறும் கொள்கை. போடிமெட்டுச் சாலையில் ஒருமணி நேரத்திற்குள் அவ்வேறுபாட்டைக் கண்ணாற் காணலாம். அடிவாரத்து ஊர்களின் மக்கள், அவருள்ளும் சிறப்பாகப் பெண்கள், விடியுமுன் ஜீப்புகளில் ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கங்களுக்குச் சென்று, மாலையில் மீள்வது நெடுநாள் வழக்கம். அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களும் பல. 1956இல் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தின் பகுதியாயின. அதனால் மலையில் விளைவிப்பவரின் மொழி ஒன்றாகவும் அவரை ஆளும் அரசின் மொழி வேறொன்றாகவும் ஆயின.

1895இல் கட்டிமுடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணைபற்றிய வழக்கு 2011 இறுதியில் தெருவுக்கு வந்தது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் எல்லை வழிகள் அடைபட்டன. மலைமேலிருந்த தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டனர். அஞ்சிய குடும்பங்கள் காட்டுப் பாதைகளில் நடந்தே போடி, தேவாரம் பக்கங்களில் இறங்கின. அடிவாரத்தில் மலையாளிகளின் கடைகளும் தோட்டங்களும் தாக்குதலுக்கு உள்ளாயின. இரு மொழியினரும் இரு பக்கத்தும் ஏதிலியர் ஆயினர். குறவர் சான்றுரைத்த பேரியாறு இன்றைய பெரியாறே என்பது அறிஞர் பலர் கருத்து. அவ்வாறாயின், ஒரே ஆற்றின் பெயரால் ஒருகாலத்துச் சான்றும், பிறிதொரு காலத்துப் பகையும் விளைந்தன எனலாம்.

ஆண்டாண்டாக அன்றாடச் செலவும் வரவுமாக இருந்த அதே வழி, அந்நாட்களில் வரவு மட்டுமே உடைய வழியாயிற்று. இறங்கி வந்தவரை முதலிற் கண்டவர் அரசோ அவையோ அல்லர், அடிவாரத்து ஊரார். வந்தவர் சொன்னது செய்தித்தாள்களில் வெளிவந்தது. பின்னரே அதிகாரிகள் அசைந்தனர். உச்சநீதிமன்றம் 2014 மே 7 அன்று நீர்மட்டம் 142 அடி எனத் தீர்ப்பளித்தது. அணையின் அடிக்கணக்கு அத்தீர்ப்பில் உண்டு. நடந்து இறங்கியவரின் அடிக்கணக்கு எத்தீர்ப்பிலும் இல்லை. வன்னியில் எண் மறைக்கப்பட்டது. ஏலமலையில் எண்ணுவதற்கே எவர்க்கும் தோன்றவில்லை. இரண்டின் அளவும் வேறு, குறை ஓரினத்தது.

தாமே கண்டோர் ஆனவர்

கண்டோர் கடன் தவறியவிடத்துப் பாதிக்கப்பட்டவரே கண்டோர் ஆகின்றனர். ஈழத்து இலக்கியத்தின் ஒரு பெரும்பகுதி இவ்வாறு எழுந்தது. 1985இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' என்னும் கவிதைத் தொகுப்பு அதன் தொடக்க அடையாளங்களுள் ஒன்று. சோபாசக்தியின் 'கொரில்லா' புகலிட விண்ணப்பத்தின் வடிவத்தையே நாவலின் உறுப்பாக ஏற்றது. அயல்நாட்டு அலுவலர்முன் தன் துயரை எண்ணிட்டு எழுதவேண்டிய நிலையை அவ்வடிவம் எள்ளலோடு காட்டுகின்றது. இங்கே ஏதிலி சொல்கின்றான். கண்டோராதற்குரிய உலகம் 'மெய்ப்பி' என்கின்றது. கூற்று இடம் மாறிவிட்டது.

தொ. பத்திநாதனின் 'போரின் மறுபக்கம்' நம்மை நோக்கியே பேசுகின்றது. அது தமிழ்நாட்டு முகாம் வாழ்வை அகதி ஒருவரே எழுதிய நூல். நாம் உலகைக் குறைகூறும் முன் இதனைக் கற்றல் நன்று. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஈழத் தமிழரைச் சேர்க்கவில்லை. 2021இல் தமிழ்நாட்டு அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கதே. குடியுரிமை என்னும் வினா அதனால் தீர்ந்துவிடவில்லை. நாற்பது ஆண்டுகளாக அண்டையில் வாழ்வோரைக் கண்டும் நாம் என்ன கூறினோம் என்பது நமக்குரிய வினா.

செவிலியின் வினா

கலித்தொகைப் பாலைக்கலியில், உடன்போன மகளைத் தேடிச் சுரத்திற் செல்லும் செவிலி எதிர்ப்பட்ட அந்தணரை வினவுகின்றாள். மலையிற் பிறந்த சந்தனம் பூசுவோர்க்கன்றி மலைக்குப் பயன்படாது. கடலிற் பிறந்த முத்து அணிவோர்க்கன்றிக் கடலுக்குப் பயன்படாது. நும் மகளும் அத்தகையளே என அவர்கள் தேற்றுகின்றனர். இத்தேற்றம் பெரிதும் போற்றப்படுவது. ஆயின் அதற்கு முன் அவர்கள் செய்வது ஒன்று உண்டு. தாம் அவர்களைக் கண்டதை முதலில் ஒப்புகின்றனர். ஒப்புதல் முந்தியது, ஆறுதல் பிந்தியது. இவ்வரிசை மாறின் அவர் சொல் ஆறுதலாகாது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. சந்தன உவமை உடன்போக்கிற்கே பொருந்தும். தலைவி தன் விருப்பத்தால் சென்றாள். துரத்தப்பட்டவரிடம் அதே உவமையைச் சொல்வது கொடுமையாம். ஏலம் மலைக்குப் பயன்படாது சந்தைக்குப் பயன்படலாம். மக்கள் ஏலம் அல்லர்.

கிளிநொச்சியில் 2017 பெப்ருவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினர். அவருள் பெரும்பாலோர் தாய்மார். தம் பிள்ளைகளைக் கண்டீரோ என்பதே அவர் வினா. இலங்கை அரசு காணாமற்போனோர் அலுவலகம் அமைத்தது. இழப்பீடு பற்றிப் பேசியது. மனித உரிமைப் பேரவை 2012 முதல் பல தீர்மானங்களை நிறைவேற்றியது. இவையெல்லாம் அந்தணரின் இரண்டாம் கூற்றைப் போன்றவை. முதற் கூற்று இன்னும் வரவில்லை. கண்டோம் என்றோ, இவ்விடத்தில் இந்நாளில் இவ்வாறு கண்டோம் என்றோ, பொறுப்புடைய எவரும் அத்தாய்மாரிடம் சொல்லவில்லை. சொல்லப்படாத வரை, தாய்நிலை கண்டு விடுத்தல் என்னும் கண்டோர் கடன் நிறைவேறாது.

குன்றக் குறவர் ஏலத்தோடு சான்றையும் சுமந்தனர். அவள் யார் என அறியாதிருந்தும், கண்டோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. உலக அவைகளிடமும், தில்லியிடமும், நம்மிடமும் இதற்கு மேல் எதுவும் கேட்கப்படவில்லை. உணவும் கூடாரமும் பொருளுடையோர் கடன், அவை வேண்டும். கண்டதைக் காலத்தில் சொல்லுதலோ கண்ணுடையார் அனைவர்க்கும் பொதுவான கடன் என்பது நம் முடிபு.